அதிகாரம், குற்றம், போர்: பத்திரிகை நெடுங்கட்டுரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மனு, வாக்குமூலம், தீர்ப்பு நகல் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருப்பது என் தொழில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, பத்திரிகையில் வந்த ஒரு நெடுங்கட்டுரையைச் சத்தமாக வாசிப்போம். ஜூனியர் வக்கீல்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் வருவார்கள். ஆட்சி, கொலை, போர் பற்றி மாதக்கணக்கில் அலைந்து எழுதப்பட்ட கட்டுரைகள்தான் எங்களுக்குப் பிடித்தவை. புதிதாக வருகிறவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேப்பர்ல வர்றதும் செய்தி, இதுவும் செய்தி. அப்புறம் என்ன வித்தியாசம் அண்ணே?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர் எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை பேர், யார் கைது, யார் சஸ்பெண்ட் என்று நாளிதழ்கள் அன்றன்றைக்கு எழுதின. அது அவசியமான வேலை. மறுநாள் எண்ணிக்கை மாறியதும் முந்தைய நாள் செய்தி பழசாகிவிடும்.

நெடுங்கட்டுரை எழுதுகிறவர் வேறு முனையில் பிடிப்பார். முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்தது. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டே மறுபடி எப்படி நடந்தது? தொழிற்சாலைக்குப் போக வேண்டிய சரக்கு எத்தனை கை மாறிப் பாக்கெட்டுக்குள் வந்தது? இடையில் எந்த அலுவலகத்தின் கணக்கில் அது பதிவாகியிருக்க வேண்டும்? இதற்கெல்லாம் இரண்டு நாளில் பதில் கிடைக்காது. கிடைக்கும்வரை அந்த ஊரை விட்டு வராதவர் எழுதுவதுதான் நெடுங்கட்டுரை.

ஏன் இவ்வளவு நீளம்? ரெண்டு பக்கத்துல சொன்னா ஆகாதா?

சில விஷயங்களுக்கு ஆகும். இரண்டு பக்கச் சரக்கை இருபது பக்கமாக இழுத்த கட்டுரைகளை நாங்களே பாதியில் மூடி வைத்திருக்கிறோம். நீளம் மட்டுமே ஒரு தகுதி ஆகாது.

ஆனால் நீளம் இல்லாமல் முடியாத விஷயங்கள் உண்டு. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. ஓராண்டு கழித்து, 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் என்ற அமெரிக்க வார இதழில் ஜான் ஹெர்சி எழுதிய ஒரே கட்டுரைக்காக முழு இதழையும் ஒதுக்கினார்கள். ஏறக்குறைய 30,000 சொற்கள். உயிர் தப்பிய ஆறு பேர்: தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவை, ஓர் அலுவலகப் பெண், இரண்டு டாக்டர்கள், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர். காலை எட்டேகால் மணிக்கு இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதில் தொடங்குகிறது. அதுவரை அமெரிக்க வாசகர்கள் பார்த்தது காளான் மேகத்தின் படத்தையும் சாவு எண்ணிக்கையையும்தான். ஆறு பேரோடு அந்த நாளை மணிக்கணக்காக நடந்து கடக்கும்போது, எண்ணிக்கைக்குள் இருந்த மனிதர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். இதைச் சுருக்கினால் மறுபடி எண்ணிக்கைதான் மிஞ்சும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். தமிழ்ல இப்படி யார் எழுதினா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சந்தோஷமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் பதில் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் ஆட்சியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது, 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டது, அதே ஆண்டில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது, கவர்னர் வீட்டில் யார் சொல் எடுபட்டது, யார் எவ்வளவு நஜர் (காணிக்கை) கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதிகாரத்துக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தவரின் எழுத்து அது. அவர் நிருபர் இல்லை, ஒரு தரப்பின் ஊழியர். அதையும் நினைவில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் கண்ணால் கண்டதையும், கடிதத்தில் வந்ததையும், பிறர் வாய்வழி கேட்டதையும் அவர் சொல்லிச் சொல்லி எழுதுகிற விதம் இன்றைய நிருபருக்கும் பாடம்.

பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாத இடம் என்பதால் 1908-ல் பாரதி புதுச்சேரிக்கு வந்தார். ‘இந்தியா’ வார இதழும் அங்கிருந்து வெளிவந்தது. தங்கள் எல்லைக்குள் இதழ் நுழைய ஆங்கிலேயர் தடை போட்டதால் 1910-ல் அது நின்றது. அப்புறம் நம் காலத்தில் 1983-ல் ஜூனியர் விகடன், 1988-ல் நக்கீரன். இவற்றில் வந்தவை பெரும்பாலும் தொடர்களாகவும் சில பக்கக் கட்டுரைகளாகவும் இருந்தன. ஒரே மூச்சில் நாற்பது பக்கம் கொடுக்கும் வசதி தமிழ் வார இதழ்களுக்கு வாய்க்கவில்லை. இது பணத்தின் பிரச்சினை என்பதுதான் என் எண்ணம். ஒரு நிருபரை ஆறு மாதம் சம்பளம் கொடுத்து ஒரே விஷயத்துக்கு அனுப்ப எத்தனை தமிழ் இதழ்களால் முடியும்?

படிச்சா கதை மாதிரியே இருக்கே. பாதி கற்பனைதானே?

கதையின் உத்தியை எடுத்துக்கொள்ளலாம், கற்பனையை எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அன்றிரவு மழை பெய்தது, அவர் கைகள் நடுங்கின’ என்று எழுதினால் மழைக்கு வானிலைப் பதிவும், நடுக்கத்துக்குப் பார்த்த ஆளும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். எங்கள் மாடியில் யாராவது ஒருவர் இதைக் கேட்பதற்கென்றே உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கேள்வியில் பெரிய பெயர்களே சறுக்கியிருக்கிறார்கள். 1959-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டதை ட்ரூமன் கபோட்டி 1965-ல் நியூயார்க்கரில் தொடராக எழுதினார். எல்லாம் உண்மை என்றார். ஆனால் கடைசியில் வரும் கல்லறைத் தோட்டச் சந்திப்பு நடக்கவே இல்லை. அதில் இடம்பெற்ற துப்பறியும் அதிகாரியே பின்னாளில் அப்படிச் சொன்னார். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த ஒரு காட்சி மற்றக் காட்சிகளையும் சந்தேகிக்க வைத்துவிட்டது.

பெரிய பத்திரிகைல ஃபேக்ட் செக்கிங் இருக்காமே. அப்ப நம்பலாம்தானே?

எழுதியவர் தவிர இன்னொருவர், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு தகவலையும் மூலத்தோடு ஒப்பிட்டு, பேசியவர்களுக்கே போன் போட்டு ‘இப்படிச் சொன்னீர்களா’ என்று கேட்பதுதான் அது. நல்ல ஏற்பாடு. முழுப் பாதுகாப்பு இல்லை.

ஜெர்மனியின் டேர் ஷ்பீகல் இதழில் அதற்கென்றே பெரிய பிரிவு உண்டு. அப்படியிருந்தும் கிளாஸ் ரெலோட்டியஸ் என்ற நிருபர் வருடக்கணக்கில் ஆட்களையும் பேச்சுகளையும் இட்டுக்கட்டி எழுதிப் பரிசுகளும் வாங்கினார். 2018 டிசம்பரில் அந்த இதழே இதை வெளியிட்டது. கண்டுபிடித்தவர் உடன் வேலை பார்த்த ஹுவான் மொரேனோ. அவர் சொன்னதை முதலில் மேலிடத்தில் நம்பவில்லை. அவரே நேரில் போய் விசாரித்துச் சான்றோடு வந்தார்.

ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இதழின் கதை வேறு மாதிரி. 2014-ல் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் வன்கொடுமை பற்றிக் கட்டுரை போட்டார்கள். அன்றிரவு வந்ததாகச் சொல்லப்பட்ட மூன்று நண்பர்களிடம் பேசாமலேயே அவர்கள் பேசியதாக எழுதியிருந்தார்கள். 2015 ஏப்ரலில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மூன்று பேரிடம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும்.

எஃப்.ஐ.ஆர்.ல இருக்கிறதைத்தானே எழுதினாங்க? கவர்மெண்ட் டாக்குமெண்ட் பொய் சொல்லுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன். எஃப்.ஐ.ஆர். என்பது ஒரு புகார் வந்தது என்பதற்கான பதிவு. புகார் உண்மை என்பதற்கு அது சான்றில்லை. குற்றப்பத்திரிகை போலீஸ் தரப்பின் வாதம். இரண்டையும் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்த பிறகு வருவது தீர்ப்பு. தீர்ப்பும் மேல்முறையீட்டில் மாறலாம். எந்தக் கட்டத்துக் காகிதத்தை வைத்து எழுதுகிறோம் என்று வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று தினமும் படிக்கிறோம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க முடியாது. அதன் பேரில் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதேபோல, ‘தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கை முறிந்தது’ என்ற வரியை அப்படியே வாங்கிப் போடும் நிருபர் ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வியை ஸ்டேஷன் வாசலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

நம் மாவட்டத்திலேயே இதற்கு வேதனையான உதாரணம் இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியும் முருகேசனும் 2003 ஜூலையில் விஷம் கொடுத்துக் கொன்று எரிக்கப்பட்டார்கள். உள்ளூர் போலீஸ் பதிவு செய்த வழக்கு, தலித்தான முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாகக் காட்டியது. அதாவது, பிள்ளையை இழந்த வீட்டின் மேலேயே பழி. அந்தக் காகிதத்தை மட்டும் நம்பி எழுதியவர் பொய்யை எழுதியிருப்பார். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் போலீஸ் அதிகாரிகளும் இருந்தார்கள். ஒருவருக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. கிட்டத்தட்ட 22 ஆண்டுகள். நாளிதழுக்கு இது நடுநடுவே பத்துப் பதினைந்து செய்தி. முதல் எஃப்.ஐ.ஆரையும் கடைசித் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் நடுவில் அதிகாரம் என்ன செய்தது என்று புரியும்.

சரி, இந்தக் காகிதமெல்லாம் எங்க கிடைக்கும்? வக்கீலாத்தான் இருக்கணுமா?

வேண்டாம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் போட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர. வழக்கின் நிலை, வாய்தா தேதி, தீர்ப்பு ஆகியவற்றை இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்கலாம். வேட்பாளர்களின் சொத்து, வழக்கு விவரம் தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கும் பிரமாணப் பத்திரத்தில் கிடைக்கும். தமிழ்நாட்டு நிலத்துக்கு வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம்.

மற்றதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு. இரண்டாவது மேல்முறையீடு கடலூர்க்காரர்களுக்குச் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்குள்ளவர்களுக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று இடம் மாறிப் போட்டு மாதங்களை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஆய்வு அறிக்கைகளின் நகல்’ என்று கேளுங்கள்.

எல்லார் பேரையும் போடலாமா?

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தைகளுக்கு போக்சோ சட்டமும், சிறார் நீதிச் சட்டமும் இதே பாதுகாப்பைத் தருகின்றன. பெயரை மட்டும் மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் அப்பா தொழிலையும் எழுதினாலும் அடையாளம் தெரிந்துவிடும். நம் ஊர்களில் அரை மணி நேரம் போதும்.

மற்றபடி, 1994-ல், பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி காட்டியது: பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவரின் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம், தங்களைப் பற்றி வரப்போகிறது என்று அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. அந்தத் தீர்ப்பும் பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு விலக்கு கொடுத்தது.

பெரிய ஆள் பேசவே மாட்டேங்கிறார். கட்டுரை அவ்வளவுதானா?

இல்லை. அமெரிக்க நிருபர் ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் இதழில் ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தைப் பற்றி எழுதியபோது அதை நிறுவிய ராக்பெல்லர் அவருக்குப் பேட்டி தரவில்லை. பழைய வழக்குகளின் சாட்சியங்கள், விசாரணைக் குழுப் பதிவுகள், போட்டி வியாபாரிகள், நிறுவனத்தின் இன்னோர் உயர் அதிகாரி என்று சுற்றிவளைத்து எழுதினார். டார்பெல்லின் அப்பா அந்த நிறுவனத்தால் அடிபட்ட எண்ணெய் வியாபாரி. அதனாலேயே ஆவணம் இல்லாமல் அவர் ஓர் அடி எடுத்து வைத்திருந்தால் பழிவாங்கல் என்று தள்ளியிருப்பார்கள்.

பேசாதவருக்கும் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். அனுப்பினோம், பதில் இல்லை என்பதையும் கட்டுரையில் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அனுப்பிவிட்டுக் காலையில் அச்சுக்குப் போவது நியாயம் ஆகாது.

‘பெயர் சொல்ல விரும்பாத உயர் அதிகாரி’ன்னு வருதே, அது யாரு? நிருபரே எழுதிக்கிறதா?

சில நேரம் உண்மையான அச்சம், சில நேரம் சோம்பல். பெயர் சொன்னால் வேலையோ உயிரோ போகும் என்றால் மறைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் எந்த இடத்தில் இருந்ததால் அது அவருக்குத் தெரியும் என்று குறிப்பாகவாவது சொல்ல வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: அவர் சொன்னது ஒரு தகவலா, இல்லை யாரையாவது ஏசுவதா? முகம் காட்டாமல் இன்னொருவரை ஏச இடம் கொடுக்கும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

கொலை செஞ்சவன்கிட்ட சிரிச்சுப் பேசி, அப்புறம் அவனையே கிழிச்சு எழுதுறது துரோகம் இல்லையா?

ஒரு கல்லூரி மாணவி கேட்டது. சங்கடமான கேள்வி. மனைவியையும் இரண்டு மகள்களையும் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஓர் அமெரிக்க டாக்டரோடு ஜோ மெக்கின்னிஸ் என்ற எழுத்தாளர் பல ஆண்டுகள் பழகினார். அவரை நம்புவது போலவே கடிதங்கள் எழுதினார். புத்தகம் வந்தபோது அவரைக் கொலைகாரர் என்று எழுதியிருந்தார். டாக்டர் வழக்குப் போட்டார், கடைசியில் பணம் கொடுத்துச் சமாதானம் ஆனது. இதை வைத்து ஜேனட் மால்கம் 1989-ல் எழுதிய கட்டுரை, இந்தத் தொழிலின் அடியிலேயே ஏமாற்று இருக்கிறது என்று சொன்னது.

நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ‘நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன், எழுதுவதை நான்தான் முடிவு செய்வேன்’ என்று முதல் நாளே சொல்லலாம். நம்புகிறேன் என்று பொய் சொல்லாமலே ஒருவரைப் பொறுமையாகக் கேட்க முடியும். பாதிக்கப்பட்ட குடும்பத்திடமும் இதே நேர்மை வேண்டும். அழுகையைப் படம் பிடித்துவிட்டுப் போய் மறுபடி எட்டிப்பார்க்காத நிருபர்களைப் பற்றி என் கடைக்கு வரும் அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது இரண்டாவது இழப்பு.

கேஸ் போட்டா என்ன பண்றது?

அவதூறு இந்தியாவில் இன்னும் கிரிமினல் குற்றம்தான். 2016-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. பொதுநலத்துக்காக வெளியிட்ட உண்மை என்று காட்டினால் தப்பலாம். ஆனால் அதுவரை வாய்தாவுக்கு அலைவதே தண்டனை. ஆகவே மேலே சொன்ன காகிதங்களை எழுதி முடித்த பிறகும் பத்திரமாக வைத்திருங்கள்.

அதிகாரம் எப்போதும் கோர்ட் வழியாகவே வரும் என்றும் இல்லை. 1987-ல் அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைத் தமிழ்நாடு சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு வலுத்துச் சில நாளில் வெளியே வந்தார்.

போருக்குப் போகாம, இங்க உட்கார்ந்து போரைப் பத்தி எழுதலாமா?

போர்க்களத்துக்குப் போனதாகக் காட்டாமல் எழுதலாம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. போர் முடிந்தது 2009 மே மாதம். அது ஒருவரின் வீட்டுக்குள் என்ன செய்தது என்று கேட்கக் கடல் தாண்ட வேண்டியதில்லை. ஹெர்சி போனதும் குண்டு விழுந்து மாதங்கள் கழித்துத்தான்.

எண்ணிக்கை எழுதும்போது மட்டும் மிகக் கவனம். கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. இலங்கை அரசு அதை மறுத்தது. யார் சொன்ன எண் என்று சொல்லாமல் எழுதினால் இறந்தவர்களுக்கே நாம் அநியாயம் செய்கிறோம், ஏனென்றால் மறுக்க நினைப்பவர்களுக்கு அது வசதியாகிவிடும்.

களத்தில் நின்று எழுதியவர்கள் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி என்ற பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அவர்கள் எழுத்தை வாசிக்கும் ஞாயிறுகளில் எங்கள் மாடியில் பேச்சு குறைவாகத்தான் இருக்கும்.

இவ்வளவு எழுதி என்ன மாறிச்சு?

சில நேரம் மாறும். டார்பெல் எழுதி முடித்த ஏழாவது ஆண்டில், 1911-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை உடைத்தது. எழுத்து மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன். தர்மபுரி மாவட்டத்தின் பழங்குடி ஊரான வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் புகுந்து அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தண்டனை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அதைச் சாதித்தவர்கள் விடாமல் நின்ற அந்த ஊர்ப் பெண்களும், அவர்களோடு நின்ற இயக்கத்தினரும், வக்கீல்களும். இடைப்பட்ட 19 ஆண்டுகளில் ஊர் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் எழுதியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

நானும் எழுதிப் பார்க்கணும். எதை எடுக்கலாம்?

தூரத்தில் தேடாதீர்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளிடம் என்ன நினைவு மிஞ்சியிருக்கிறது? கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஒரே ஒரு தெருவில் கிணற்றுத் தண்ணீர் எந்த ஆண்டிலிருந்து குடிக்க முடியாமல் போனது, அதற்கு யார் யார் மனு கொடுத்தார்கள், மனுக்கள் எங்கே இருக்கின்றன? அந்த மனுக்களில் சிலவற்றை நானே அடித்துக் கொடுத்திருப்பேன்.

ஒரு நோட்டு வாங்கிப் பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் தெரிந்துகொண்டது, வலப்பக்கம் எப்படித் தெரிந்தது. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகளை எழுதத் தொடங்கும்முன் நிரப்புங்கள், முடியாவிட்டால் அடித்துவிடுங்கள். பத்துப் பக்கம் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்குக் கொண்டுவாருங்கள், சத்தமாக வாசித்துப் பார்ப்போம்.